பொழுது சாயுமுன் பந்தி முடியட்டும்

கொடைக்கானல் மலையிலுள்ள பேத்துப்பாறையில் கல்யாணம் வைக்க ஆசைப்படும் கீழ்நாட்டுப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும்,



கொஞ்ச காலமாகவே விசாரிப்பு வந்தபடி இருக்கிறது. மதுரையிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், சென்னையில் இருக்கும் தூரத்துச் சொந்தம் ஒன்று. "செப்டம்பர்ல குளுகுளுன்னு இருக்குமாமே, உங்க ஊர்ல ஒரு இடம் பார்த்துச் சொல்லுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். போனை வைப்பதற்குள் திட்டம் முழுதாக வந்துவிடும். மண்டபம் கூடாது. புல்வெளி வேண்டும், பின்னால் மலை தெரிய வேண்டும். முதல் நாள் மாலை ஆறரைக்கு வரவேற்பு. மரத்துக்கு மரம் சீரியல் லைட்டு, செண்டை மேளம், பத்து மணிக்கு வாணவேடிக்கை. மறுநாள் விடிகாலை நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம். வெளிச்சம் எழும்போது தாலி ஏறினால் படம் அழகாக வருமாம்.

இந்தத் திட்டத்தில் இருப்பவை இரண்டே நேரங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒன்று, பொழுது விடியுமுன் ஒன்று. எங்கள் ஊரில் அவை இரண்டும் யானையின் நேரங்கள். பகல் முழுக்கக் காட்டோரத்தில் நிற்கும் கூட்டம் இருட்டியதும் தோட்டங்களுக்குள் இறங்கும். வாழையும் பலாவும் தின்று முடித்து, விடிவதற்குள் அதே தடத்தில் காட்டுக்குத் திரும்பும். பாரதி அண்ணாநகர், அஞ்சுவீடு, பேத்துப்பாறை என்று இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்கள் நாளிதழில் அடிபட்டால் பெரும்பாலும் யானைச் செய்தியாகத்தான் இருக்கும். காலையில் டீக்கடை பெஞ்சில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி விலைவாசியைப் பற்றியது கிடையாது; "இன்னைக்கு எங்கிட்டு நிக்குது?" என்பதுதான். அந்தப் பதிலை வைத்துத்தான் மிளகுக்கொடிக்கு யார் போவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக எந்த வழி என்பதெல்லாம் முடிவாகும்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. தாராளமாக வையுங்கள். ஆனால் நாள் குறிப்பதற்கு முன் நேரம் குறியுங்கள். எட்டு மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் கடைசி வண்டி இறங்கிவிடும் கல்யாணம் என்றால் பேத்துப்பாறையைப் போல இடம் கிடைக்காது. அதற்கு மேலோ கீழோ இழுத்தால் ஊருக்கும் தொல்லை, உங்களுக்கும் ஆபத்து. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் தோழி என்ன வேலை பார்க்கிறாள்? தலைவன் இரவில் தலைவியைப் பார்க்க மலைவழியே வருகிறான். யானை நடமாடும் சிறுவழி அது, வராதே என்கிறாள். பகலில் வா என்கிறாள். பிறகு அதுவும் வேண்டாம், பெண் கேட்டு வந்து முறையாகக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று நெருக்குகிறாள். இலக்கணக்காரர்கள் இதற்கு இரவுக்குறி, பகற்குறி, வரைவு கடாதல் என்று துறை வகுத்து வைத்திருக்கிறார்கள். மலைக்காட்டில் இருட்டில் நடமாடாதே என்று இரண்டாயிரம் ஆண்டாகச் சொல்லி வந்த இடத்தில் வந்து, கல்யாணத்தையே இரவுக்குறியாக மாற்றுகிறேன் என்கிறீர்கள். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வரும். வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதுமணல், உளுந்து சேர்த்த சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. அதுவும் இருள் விலகிய காலையில் நடப்பதுதான். நம் பாட்டன் பூட்டன் கல்யாணத்தில் மாலை ஆறரை வரவேற்பு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆபீஸ் விட்டு வருகிறவர்களின் வசதிக்காக நகரத்து மண்டபங்களில் வந்த பழக்கம் அது. பேத்துப்பாறையில் ஆபீஸ் விட்டு யாரும் வரப்போவதில்லை.

இனி மாதம். செப்டம்பர், அக்டோபர் என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். எங்களுக்கு அது மூன்று தனித்தனிக் காலம்.

ஆவணி என்றால் சரி. காலையில் நன்றாக வெளுக்கும். பதினொரு மணிவரை வெயில் முதுகில் சுள்ளென்று அடிக்கும். மதியம் தாண்டியதும் மேகம் இறங்கும், எதிரே இருக்கும் மலை காணாமல் போகும், மூன்று நான்கு மணிக்கு ஒரு பாட்டம் மழை. எல்லா நாளும் இப்படியென்று பத்திரம் எழுதித் தர முடியாது. ஆனால் பந்தல் போடுகிறவர்களும் சமையல்காரர்களும் இந்தக் கணக்கை நம்பித்தான் வேலை எடுக்கிறார்கள். காலைக் கல்யாணத்துக்கு ஏற்ற மாதம் இது.

புரட்டாசியில் முகூர்த்தம் வைக்கமாட்டீர்கள், தெரியும். மகாளய பட்சம், பிறகு நவராத்திரி, பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமைகள். பாதி வீடுகளில் கறியும் கிடையாது. ஆனால் நாள் கோளில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: மழைக் கணக்கில் புரட்டாசியின் முன்பாதிக்கும் ஆவணிக்கும் பெரிய வித்தியாசமில்லை. சமையல் மாஸ்டர், பந்தல், மேளம் எல்லாம் சும்மா இருக்கும், கூலியும் பேசி முடிக்கலாம், மல்லிகைப்பூ விலையும் தரையில் நிற்கும். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைக் கல்யாணத்தை நடத்திவைத்தார். அது சட்டப்படி செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் திருத்தம் நிறைவேறியது. அதன்பின் ஆடியிலும் புரட்டாசியிலும் ராகுகாலத்திலும் தாலி கட்டியவர்கள் எத்தனையோ பேர், பேரன் பேத்தி எடுத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, பள்ளிக்கூடத்துக் காலாண்டு விடுமுறை மூன்றும் ஒட்டி வரும் வாரத்தில் மலைச்சாலையில் வண்டி நகராது. மாப்பிள்ளை பெருமாள்மலைக்குக் கீழே ஏதாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டிருப்பார்.

ஐப்பசி வேண்டவே வேண்டாம். பஞ்சாங்கத்தில் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கும், ஆசை காட்டும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பிடிக்கும். இந்த மலைக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பழனி சாலையில் சவரிக்காட்டுப் பக்கம் மண் சரிந்தது, அடுக்கம் சாலையில் பாறை உருண்டது, வத்தலக்குண்டு சாலையில் மரம் விழுந்தது என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். 2018-இல் கஜா புயல் கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. தமிழ்க் கணக்கில் ஐப்பசி முடியும் தறுவாய். நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் அன்றைக்கே எங்கள் மலைக்கும் வந்து மரங்களைச் சாய்த்து, சாலையை அடைத்து, கரண்டை அறுத்துவிட்டுப் போனது. கடலோரத்துக்காரர்கள் தப்பிக்க மலைக்கு வரலாம் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் அது ஒரு பாடம். ஐப்பசியில் கல்யாணம் என்றால் கீழே வத்தலக்குண்டிலோ பழனியிலோ ஒரு மண்டபத்தில் வையுங்கள்.

வேதக்காரர்களுக்கு வேறு கணக்கு. எங்கள் மலையில் கோயிலும் உண்டு, மாதா கோயிலும் உண்டு. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும் என்பதால் எப்படியும் ஒரு மாதம் முன்னாலேயே நாள் குறித்தாக வேண்டும். செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா திருநாள் முடியும்வரை பாதிச் சொந்தம் வேளாங்கண்ணியில் இருக்கும். அதற்கு அடுத்த வாரம் வசதி.

ஆவணிக்குள்ளும் எந்தக் கிழமை என்பது இருக்கிறது. நீங்கள் ஞாயிறு கேட்பீர்கள். ஞாயிறு சுற்றுலாக்காரர்களின் நாள். கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, ஓணம் எல்லாம் இந்த மாதத்தை ஒட்டித்தான் வரும். ஓணத்துக்கு மலையாளத்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கொடைக்கானலுக்கு ஏறுவார்கள். எனவே புதன் அல்லது வெள்ளி பாருங்கள். இரண்டு நாளும் ஒன்பதிலிருந்து பத்தரை சுத்தமாக இருக்கிறது. புதனுக்கு ராகுகாலம் பன்னிரண்டுக்கு மேல், எமகண்டம் ஒன்பதோடு முடிந்துவிடும். வெள்ளிக்கு ராகுகாலம் பத்தரைக்குத்தான் தொடங்குகிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நீங்களே சொல்வீர்கள். இங்கே புதன் சும்மா கிடைக்கிறது, சாலையும் காலியாகக் கிடைக்கிறது. "வேலை நாள்ல யாரும் வரமாட்டாங்களே" என்றார் கோயம்புத்தூர்க்காரர். வராதவர்கள் வராமலே இருக்கட்டும். வேலை நாளில் லீவு போட்டு மலையேறி வருகிறவர்கள்தான் உங்களுக்கு உண்மையில் வேண்டியவர்கள்.

2030-ஐப் பற்றியும் ஒருவர் கேட்டார். நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது, பன்னிரண்டு ஆண்டு கணக்குப்படி 2030-இல் பூக்கும், பூவுக்கு நடுவில் தாலி கட்ட வேண்டுமாம். பெண்ணுக்கு இப்போது எத்தனை வயது என்று நான் கேட்கவில்லை. பூ பூக்கும் ஆண்டில் மலை தாங்காத கூட்டம் வரும் என்பதை மட்டும் சொன்னேன்.

வண்டி விஷயம். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். எடுப்பது சுலபம், ஆனால் உங்கள் பெரியப்பாவுக்கு அதை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதே ஆண்டு நவம்பரிலிருந்து 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கும் தடை. ஊரிலிருந்து ஒரு பெரிய ஏசி பஸ் பிடித்து அறுபது பேரை ஏற்றி அனுப்பும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். வேன்கள் போதும். பெருமாள்மலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் பாதைக்கு வேன்தான் சரி, அதிலும் உள்ளே தோட்டம்வரை என்றால் ஜீப்தான். வயிற்றுப் புரட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை நம்ப வேண்டாம், ஏறுமுன் கனமாகச் சாப்பிடாமல் வந்தால் போதும்.

வாழைமரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தலுக்கு வாசலில் தாரும் பூவுமாக இரண்டு வாழைமரம் கட்டாமல் முடியாது. எங்கள் மலைவாழை சாதாரணமானதும் இல்லை. இந்த மலைத்தொடரில் விளையும் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது அந்தப் பழம்தான். ஒரு காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, மறுபடி துளிர்த்து வந்த பயிர். அதைத் தாரோடு வெட்டி வாசலில் நிறுத்தினால் ஆளுக்கு முன்னால் யார் வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மதியம் இரண்டரை, கடைசிப் பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. பந்தல்காரப் பையன் அரிவாளோடு வந்தான். வாசலில் கயிற்றை அறுத்து, தாரைத் தனியாகக் கழற்றி, மரத்தை மூன்று துண்டாக நறுக்கி ஜீப்பில் அடுக்க ஆரம்பித்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் இலையை விட்டு எழுந்தேவிட்டார். "என்னப்பா இது அபசகுனமா! மூணு நாள் நிக்க வேண்டிய மரம்ல!" பையன் பதில் சொல்லவில்லை. பெண்ணின் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மரம் நிக்கிறது இருக்கட்டும் சம்பந்தி. ராத்திரி வந்து கேட்டா நீங்க நிப்பீகளா?" பெரியம்மா மறுபடி உட்கார்ந்து பாயசத்தைக் குடித்தார். நறுக்கிய தண்டு ஊருக்குள் கட்டுத்தறியில் நின்ற மாடுகளுக்குப் போனது, தார் சாயங்காலத்துக்குள் பத்து வீட்டுக்குப் பிரிந்துபோனது. பந்தல் நின்ற இடத்தில் ஒரு தோல்கூட இல்லை.

இதே கவனம் எச்சில் இலைக்கும் வேண்டும். கீழே பந்தி முடிந்ததும் இலைகளைச் சுவரோரம் குவித்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவீர்கள். இங்கே குவித்தால் இரவில் காட்டுப்பன்றி வரும், காட்டுமாடு வரும், அவற்றுக்கெல்லாம் பெரியவர் ஒருவரும் வரலாம். சோறும் வெல்லமும் உப்பும் கலந்த வாசனை வெகுதூரம் போகும். ஒரு முறை ருசி கண்ட யானை அந்த இடத்தை மறக்காது. நீங்கள் ஊருக்குப் போய் ஆல்பம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது அடுத்த வாரமும் வந்து பக்கத்துத் தோட்டக்காரரின் வேலியைத் தள்ளும். ஆகவே பந்திக்குப் பந்தி இலையை வாரி, மூடிய வண்டியில் ஏற்றி, அன்றே அனுப்ப வேண்டும். அதற்கு ஆள் கூலியைச் சமையல் செலவோடு சேர்த்து எழுதுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றி நீட்டவில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில் கொடைக்கானலில் கூடாது. இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைக்கும் வழக்கத்தை மலையடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. தேங்காயோடு எங்கள் ஊர் மிளகோ காப்பித்தூளோ ஒரு பொட்டலம் போட்டுக் கொடுத்தால் வாங்கிப் போகிறவர்கள் உங்களை ஒரு மாதம் நினைப்பார்கள்.

மலைக்கு வந்து பெரிதாகக் கல்யாணம் செய்தவர்கள் கதை ஒன்று உண்டு. 2019 ஜூனில், தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த குப்தா குடும்பம் உத்தராகண்டில் ஔலி என்ற இமயமலை ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்தது. செலவு 200 கோடி என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், சுற்றுச்சூழல் கெட்டால் ஈடுகட்ட 3 கோடி ரூபாய் கட்டி வைக்கச் சொல்லி உத்தரவாயிற்று. விருந்தாளிகள் போன பின் புல்வெளியில் நூற்றுக்கணக்கான குவிண்டால் குப்பை கிடந்தது. உங்கள் கல்யாணம் அந்த அளவு இல்லை என்பீர்கள். எங்கள் ஊரும் ஔலி அளவு இல்லை.

சமையலுக்கு வருவோம். கீழேயிருந்து மாஸ்டரைக் கூட்டி வருவதாக இருந்தால் அவரிடம் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் இரவு அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மாவு பொங்காது. கீழே ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தூக்கித் தள்ளும் மாவு, இங்கே வைத்தது வைத்தபடி இருக்கும். முதல் நாள் காலையிலேயே ஆட்டி, வெந்நீர் ஊற்றிக் கரைத்து, அடுப்பு அணையாத கட்டடத்துக்குள் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். அப்படியும் நம்பிக்கை இல்லையென்றால் காலைப் பலகாரத்தில் இட்லியை எடுத்துவிட்டு வெண்பொங்கலும் கிச்சடியும் போடுங்கள், குளிருக்கு அதுதான் இறங்கும். தயிரும் அப்படியே. இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாக இருக்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93 டிகிரிக்கே கொதிக்கிறது, எங்கள் ஊர் அதைவிடத் தாழ்வு என்றாலும் 100 கிடையாது. துவரம்பருப்பும் கடலையும் வேக நேரம் பிடிக்கும், கேஸும் கூட ஆகும். விறகை நம்பாதீர்கள், ஆவணி விறகு புகையத்தான் செய்யும்.

காய்கறி மட்டும் கீழேயிருந்து ஏற்ற வேண்டாம். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, சவ்சவ் எல்லாம் இங்கிருந்துதான் உங்களுக்கு வருகிறது. சவ்சவ் கூட்டைக் கல்யாணத்துக்குக் கௌரவக் குறைவு என்று நினைக்கிற மாஸ்டரை மாற்றிவிடுங்கள். மலைப்பூண்டு போட்ட ரசத்தை ஒரு அண்டா அதிகமாகவே வைக்கச் சொல்லுங்கள், மூக்கடைப்போடு வந்த கூட்டம் அதைத்தான் கேட்கும். பூ நிலக்கோட்டையிலிருந்து முதல் நாள் மதியமே ஏறிவிடட்டும். ஆவணி முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இங்கே குளிரில் பூ வாடாது என்பதால் முன்னதாக வாங்குவதில் நஷ்டமில்லை. மேளக்காரர்களுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள். ஈரத்தில் தவில் தோல் தொய்ந்துவிடும், அவர்கள் அனல் காட்டி இறுக்கிக்கொள்வார்கள். அலங்காரம் செய்கிற பெண்பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: தேங்காய் எண்ணெய் காலையில் கல்லாக இருக்கும், பாட்டிலை வெந்நீரில் போட்டு வையுங்கள்.

செண்டையும் வெடியும் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். வெடிச்சத்தம் எங்கள் ஊர் யானைக்கு ஒரு பொருள் உள்ள சத்தம். விரட்டும்போது வனத்துறையும் ஊராரும் போடுவது அது. உங்கள் மகிழ்ச்சிக்கு நீங்கள் போடும் வெடி, எங்கோ அமைதியாக நிற்கிற கூட்டத்தைக் கிளப்பி இன்னொருவர் வீட்டுப் பக்கம் தள்ளிவிடும். அவர் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவராகக்கூட இருக்கலாம். நாதஸ்வரம் போதும். நாள் முடிவானதும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கல்யாண வாரத்தில் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டு வேன்களுக்குப் பாதை முடிவு செய்யலாம்.

படம் எடுப்பவர்களுக்கும் எல்லை உண்டு. பேத்துப்பாறைப் பக்கம் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய, பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். பழனி மலைத்தொடரின் கற்திட்டைகளை அங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் சுற்றி அளந்து எழுதியது 1928-இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அவர்கள் பார்த்த பல இன்று இடிந்து கிடக்கின்றன. மணமக்களை மூடுகல் மேல் ஏற்றி நிற்க வைத்துப் படம் எடுக்கக் கேட்டவர்கள் உண்டு. யாரோ ஒருவரை அடக்கம் செய்த இடம் அது. கல்யாண உடுப்போடு ஏறி நிற்க உங்கள் வீட்டுப் பெரியவர்களே சம்மதிக்கமாட்டார்கள். அஞ்சுவீட்டு அருவிக்கு மாப்பிள்ளைத் தோழர்களைப் போகவே விடாதீர்கள். வழுக்குப்பாறை, ஆழம் தெரியாத கசம். உயிர் போன இடம் அது. டிரோன் பறக்கவிட வேண்டுமென்றால் அனுமதி வாங்குங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் காலை எட்டரைக்குள், முகூர்த்தத்துக்கு முன்பே படத்தை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பின்னால் மலை இருக்காது, வெள்ளை மட்டும்தான் இருக்கும்.

எத்தனை பேர் என்பதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுவரை படித்தவர்களே அதை முடிவு செய்திருப்பார்கள் என்பதுதான். ஐந்நூறு பேர் வேண்டுமென்றால் கீழே உங்கள் ஊரில் பிறகு ஒரு நாள் மண்டபத்தில் விருந்து வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் லைட்டு, ஆர்ச், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே. இங்கே நெருங்கிய சொந்தம் மட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்களும் முதல் நாள் மதியமே ஏறி வந்து, சுவரும் கதவும் உள்ள வீடுகளில் தங்கிவிட வேண்டும். கூடாரத்தில் தங்குவது பாட்டுக்காட்சிக்குச் சரி. தங்குமிடத்துக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே முன்பணம் கொடுங்கள். அனுமதி இல்லாத விடுதிகளைப் பூட்டி முத்திரை வைத்த காலம் இந்த மலை பார்த்ததுதான், கல்யாணத்துக்கு முந்தின வாரம் அது உங்களுக்கு நடக்க வேண்டாம். மற்றவர்கள் வத்தலக்குண்டிலோ பழனியிலோ பெருமாள்மலையிலோ தங்கி, விடிந்த பிறகு கிளம்பினால் எட்டரைக்குள் வந்து சேரலாம். சுவெட்டர் கொண்டு வரச் சொல்லுங்கள். பட்டுச்சேலை மேல் சுவெட்டர் போட்டால் நன்றாக இருக்காது என்பவர்களை எனக்குத் தெரியும். ஒன்பது மணி வெயில் ஏறியதும் கழற்றிக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்களைக் கூப்பிட மறக்காதீர்கள். இடத்துக்கு வாடகை கொடுத்துவிட்டோம், அவ்வளவுதானே என்று இருந்துவிட வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழையுங்கள். ஜீப் ஓட்டுகிறவரும், இலை வாருகிறவரும், யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லப் போகிறவரும் அவர்கள்தான். எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்கள், முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருவேன். அதில் "மாலை 6.30 மணி முதல் வரவேற்பு" என்று ஒரு வரி அச்சாகியிருந்தால் மட்டும் நான் வருவதற்கில்லை, ஊரில் பாதிப் பேரும் வரமாட்டார்கள். கோபம் ஒன்றுமில்லை, அந்த நேரத்துக்கு எங்களைத் திரும்ப வீட்டில் கொண்டு விட எந்த ஜீப்காரரும் சம்மதிக்கமாட்டார்.

இப்படிக்கு,
பேத்துப்பாறைக்காரி ஒருத்தி